யாரோடு ஆடுவது: டென்மார்க்கின் போர்க்காலக் கால்பந்துப் பருவங்கள்

டென்மார்க் நாட்டின் கால்பந்து வாகையர் பட்டியலில் 1940-41 முதல் 1944-45 வரையிலான ஐந்து பருவங்கள் மட்டும் தனிப்பெயர் தாங்கி நிற்கின்றன. அதற்கு முன் 'மெஸ்டர்ஸ்கப்ஸ்ஸேரியன்', அதாவது வாகைத் தொடர், என்று வழங்கிய நாட்டின் முதல்நிலைப் போட்டி, அந்த ஐந்து ஆண்டுகளில் 'கிரிக்ஸ்டுர்னேரிங்', அதாவது போர்க்காலப் போட்டி, என்று அழைக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பின் 1945-46-இல் 'முதல் டிவிஷன்' என்ற பெயரோடு அது புதிதாகத் தொடங்கியது. பருவம் என்ற சொல்லுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. டேனியக் கால்பந்து அக்காலத்தில் கோடையின் கடைசியில் தொடங்கி, தரை உறைந்துபோகும் குளிர்மாதங்களில் ஓய்ந்து, வசந்தத்தில் மீண்டும் எழுந்து, அடுத்த கோடை பிறக்கும் வேளையில் முடிவது வழக்கம். ஆகையால் ஒவ்வொரு பருவமும் இரண்டு ஆண்டெண்களைச் சுமக்கிறது. அந்த ஐந்து பருவங்களும் ஜெர்மானியப் படையின் பிடியில் நாடு இருந்தபோதே தொடங்கின. ஐந்திலும் ஆட்டங்கள் நடந்தன, ஐந்திலும் ஒரு கழகம் வாகை சூடியது.

அயலான் படை வீதியில் நிற்கும்போது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் பந்தை உதைத்துக்கொண்டிருப்பது தகுமா என்ற கேள்வி, இந்த வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் முதலில் எழும். அதை இழிவென்று தள்ளுவோரும் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்தையும் எதிர்ப்புப் போராட்டமாக உயர்த்திப் பேசுவோரும் உண்டு. இரண்டு தரப்பும் கேள்வியைப் பிழையாக எழுப்புகின்றன என்பதே இச்சொற்பொழிவின் கருத்து. டென்மார்க்கின் அனுபவத்தை நுணுகிப் பார்த்தால், ஆடுவதா வேண்டாமா என்பதைவிட யாரோடு ஆடுவது, யார் அழைப்பில் ஆடுவது, யார் அமைத்த போட்டியில் ஆடுவது என்பதே அக்கால மக்களுக்குப் பொருட்டாக இருந்தது என்பது தெரியவரும்.

1940 ஏப்ரல் 9 விடியற்காலையில் ஜெர்மானியப் படைகள் டென்மார்க்கின் எல்லையைக் கடந்தன. சண்டை சில மணி நேரமே நீடித்தது. மன்னர் பத்தாம் கிறிஸ்டியனும் அமைச்சரவையும் நாட்டை விட்டு வெளியேறாமல், ஜெர்மனி விதித்த நிபந்தனைகளை எதிர்ப்புக் குறிப்போடு ஏற்றுக்கொண்டனர். இதன் விளைவாக டென்மார்க் ஆக்கிரமிக்கப்பட்ட மற்ற நாடுகளிலிருந்து வேறுபட்ட ஒரு நிலையில் வைக்கப்பட்டது. நாடாளுமன்றம் கூடியது, நீதிமன்றங்கள் இயங்கின, காவல்துறை டேனியர் கையிலேயே இருந்தது. வரலாற்றாசிரியர்கள் இதை 'ஒத்துழைப்புக் கொள்கை' என்று குறிப்பிடுகின்றனர். 1943 ஆகஸ்ட் 29 வரை அது நீடித்தது. அந்தக் கொள்கையின் நிழலில் பிழைத்த அமைப்புகளுள் 1889-இல் தோன்றிய டேனியக் கால்பந்துச் சங்கமும் ஒன்று. அதன் தலைமையை ஜெர்மானியர் கலைக்கவில்லை, தங்கள் ஆட்களை அதில் அமர்த்தவுமில்லை. ஆக்கிரமிப்பு நேர்ந்தபோது பாதி வழியில் இருந்த 1939-40 பருவத்தில், தலைநகரின் மூத்த கழகமான கே.பி. வாகை சூடியது. ஆனால் அதே முறையில் அடுத்த பருவத்தை நடத்த இயலாது என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது.

ஏன் இயலாது என்பதை அறிய டென்மார்க்கின் நிலவமைப்பைக் கண்முன் கொண்டுவர வேண்டும். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வடக்கே நீளும் யூட்லாந்துத் தீபகற்பம், அதற்குக் கிழக்கே ஃபியூன் தீவு, அதற்கும் கிழக்கே தலைநகர் கோபன்ஹேகன் அமைந்த ஸீலாந்துத் தீவு என்று நாடு மூன்று பெருந்துண்டுகளாகக் கடலால் பிரிக்கப்பட்டுள்ளது. யூட்லாந்தையும் ஃபியூனையும் இணைக்கும் சிறு பெல்ட் பாலம் 1935-இல் திறக்கப்பட்டது. ஆனால் ஃபியூனுக்கும் ஸீலாந்துக்கும் நடுவே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் அகலமுள்ள பெரும் பெல்ட் நீரிணைக்கு அந்நாளில் பாலம் கிடையாது. நியூபோர்க் துறையில் ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி, கோர்சோர் துறையில் இறக்கி, மீண்டும் இழுத்துச் செல்வதுதான் வழி. (அந்த நீரிணைக்குச் சாலைப் பாலம் வந்தது 1998-இல்தான்.) ஆர்ஹுஸ் நகரத்து அணியொன்று கோபன்ஹேகனில் ஆட வேண்டுமானால் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று ஒரு பகற்பொழுதையே பயணத்துக்குக் கொடுக்க வேண்டும், ஆட்டக்காரர்கள் அனைவரும் ஊதியம் பெறாத அமெச்சூர்கள், திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கோ அலுவலகத்துக்கோ வகுப்பறைக்கோ திரும்ப வேண்டியவர்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

போர் இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கண்ணியையும் தொட்டது. பிரிட்டன் கடல்வழியை அடைத்ததால் டென்மார்க்குக்கு மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்த நிலக்கரியும் பெட்ரோலும் நின்றன. ஜெர்மனியிலிருந்து வந்த நிலக்கரி போதாமல், யூட்லாந்தில் புற்கரியும் பழுப்புக் கரியும் தோண்டப்பட்டன. ரயில்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. ஓடிய ரயில்களிலும் நார்வேக்குச் செல்லும் ஜெர்மானியப் படைகளுக்கே முன்னுரிமை. கடலிலோ இரு தரப்பும் மிதக்கவிட்ட கண்ணிவெடிகள். இவற்றோடு இயற்கையும் கைகோத்தது. 1939-40 தொடங்கி அடுத்தடுத்து மூன்று குளிர்காலங்கள் கடுமையாக இருந்தன. 1942 ஜனவரி 26 அன்று யூட்லாந்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 31 பாகைக்குச் சென்றது, அது நாற்பது ஆண்டுகள் முறியடிக்கப்படாத பதிவாக நின்றது. நீரிணைகளில் பனிக்கட்டி இறுகியபோது தீவுகளுக்கு இடையே கப்பல் ஓட்டுவதே பெரும்பாடாயிற்று.

சாலை வழியே செல்ல முனைந்தாலும் பெட்ரோல் இல்லை. அதற்கு மாற்றாக வந்த 'கேஸ் ஜெனரேட்டர்' வண்டிகளைப் பற்றி ஒரு சொல் கூறுவது தகும். அக்காலத்துப் பேருந்துப் பயணத்தின் இயல்பே அதில் அடங்கியிருக்கிறது. வண்டியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ ஆளுயர இரும்பு உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் பீச் மரத்துண்டுகளைக் கொட்டித் தீ மூட்டி, போதிய காற்று புகாமல் புகைய விட்டால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த எரிவாயு உண்டாகும். அதைக் குளிரவைத்து, சாம்பல் நீக்கி, எஞ்சினுக்குச் செலுத்துவார்கள். ஓட்டுநர் புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே வந்து தீ மூட்ட வேண்டும், வழியில் நின்று மரத்துண்டு போட வேண்டும், சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் எஞ்சின் தன் பழைய வலுவில் ஒரு பகுதியைத்தான் தரும், மேட்டைக் கண்டால் திணறும். இத்தகைய வண்டியை நம்பி நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வாரந்தோறும் அணிகளை அனுப்பும் போட்டி முறை நிலைத்திருக்க வழியில்லை.

ஆகவே சங்கம் போட்டியின் வடிவத்தையே மாற்றியது. அதற்கு முன் வழங்கிய வாகைத் தொடர் 'லீக்' முறையில் அமைந்தது. ஒவ்வொரு அணியும் மற்ற ஒவ்வோர் அணியோடும் ஆடி, வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒரு புள்ளி என்று சேர்த்து, இறுதியில் மிகுந்த புள்ளி பெற்ற அணி வாகை சூடும். போர்க்காலப் போட்டியில் நாடு பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டது. அந்தந்தப் பிரதேசத்து அணிகள் முதலில் தங்களுக்குள் லீக் முறையில் ஆடின. அவற்றில் முன்னின்றவை மட்டும் வசந்தத்தின் பிற்பகுதியில் 'நாக்-அவுட்' முறையில், அதாவது தோற்றவர் உடனே வெளியேறும் முறையில், ஒன்றையொன்று சந்தித்தன. கடைசியில் எஞ்சிய இரண்டு அணிகள் வாகைக்காக மோதின. நெடும்பயணங்கள் இவ்வாறு ஆண்டுக்குச் சில என்ற அளவுக்குச் சுருக்கப்பட்டன.

இந்த வடிவம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது அன்று. 1913-இல் முதல் தேசிய வாகையர் தோன்றிய காலத்திலிருந்து 1927 வரை, டென்மார்க்கில் பிரதேச வாகையர்கள் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டு, மாகாண அணிகளுள் வென்றது தலைநகரின் வாகையரைச் சந்திக்கும் முறையே இருந்தது. நாடு முழுவதையும் ஒரே புள்ளிப் பட்டியலில் சேர்க்கும் லீக் 1920-களின் இறுதியில்தான் உருவானது. ரயில் நாட்டை நெருக்கமாக்கிய காலத்தில் பிறந்த லீக், ரயில் மெலிந்தபோது தன் தந்தையர் காலத்து உருவத்துக்குத் திரும்பியது என்று சொல்லலாம். ஒரு நாட்டின் விளையாட்டு அட்டவணை அந்நாட்டின் போக்குவரத்து வரைபடமாகவும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று கிடைப்பது அரிது.

நாக்-அவுட் முறை சிறிய அணிக்குச் சாதகமானது என்பது பொதுவான எண்ணம். நீண்ட லீக்கில் வலிய அணி ஒருநாள் தவறினாலும் மறுவாரம் ஈடுகட்டிக்கொள்ளும்; நாக்-அவுட்டில் ஒரு பிற்பகல் போதும் அதை வீழ்த்த. இந்தக் கணக்கின்படி ஆர்ஹுஸ், ஆல்போர்க், ஓடென்ஸ, எஸ்பியர்க் போன்ற மாகாண நகரங்களின் கழகங்களுக்குப் போர்க்காலம் ஒரு வாய்ப்பாக அமைந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 1940-41-இல் ஃப்ரெம், 1941-42-இல் பி.93, 1942-43-இல் ஏ.பி., 1943-44-இல் மீண்டும் ஃப்ரெம், 1944-45-இல் மீண்டும் ஏ.பி. என ஐந்து பட்டங்களும் கோபன்ஹேகனிலேயே தங்கின. நாட்டின் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் வாழ்ந்த தலைநகர்ப் பகுதியில் வலிய அணிகள் நெருங்கிக் கிடந்தன. அவை டிராம் வண்டியிலும் சைக்கிளிலும் சென்று ஒன்றோடொன்று மோதிக் கூர்மை பெற்றன, மாகாண அணிகளோ தமக்குச் சமமான எதிரணியைத் தேடி அலைய இயலாத நிலையில் இருந்தன. பயணத் தட்டுப்பாடு எல்லோருக்கும் பொதுவானது என்றாலும் அதன் சுமை ஒரே அளவில் இறங்கவில்லை.

இந்தக் கழகங்களின் பெயர்களே ஒரு சமூக வரலாற்றைச் சொல்கின்றன. டேனிய மொழியில் 'போல்ட்கிளுப்' என்றால் பந்துக் கழகம், பி.93 என்பது 1893-இலும் பி.1903 என்பது 1903-இலும் தோன்றிய பந்துக் கழகங்களைக் குறிக்கும். ஏ.பி. என்பது 'அகாடெமிஸ்க் போல்ட்கிளுப்', அதாவது கல்வியாளர் பந்துக் கழகம். 1889-இல் தோன்றிய அது பல்கலைக்கழக மாணவர்களின் கழகமாக வளர்ந்தது. ஃப்ரெம் என்ற சொல்லுக்கு 'முன்னே' என்று பொருள். 1886-இல் தோன்றிய அக்கழகம் கோபன்ஹேகனின் தென்மேற்கில் வால்பி பகுதியின் தொழிலாளர் குடும்பங்களில் வேர் பிடித்தது. ஐந்து போர்க்காலப் பட்டங்களில் நான்கை மாணவர் கழகமும் தொழிலாளர் கழகமும் இரண்டிரண்டாகப் பகிர்ந்துகொண்டன. ஆக்கிரமிப்புக்கு எதிரான போராட்டம் பின்னாளில் எந்த இரு களங்களில் வலுத்ததோ, பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும், அவற்றின் பிள்ளைகளே பந்தாட்டக் களத்திலும் முன்னின்றனர். இதில் காரண காரியம் தேட வேண்டியதில்லை. ஆனாலும் அந்நகரத்து மக்களுக்கு அந்த அணிகள் வெறும் சட்டை நிறங்களாக இருந்திருக்க முடியாது.

மக்கள் திரள்வதற்கே ஒரு பொருள் உண்டாகியிருந்த காலம் அது. 1940 கோடையில் ஆல்போர்க் நகரில் தொடங்கிய 'அல்ஸாங்', அதாவது கூட்டுப்பாட்டு, இயக்கம் நாடெங்கும் பரவி, செப்டம்பர் 1 அன்று லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறந்த வெளிகளில் கூடித் தாய்மொழிப் பாடல்களைப் பாடினர். எவரையும் ஏசாத, எந்தச் சட்டத்தையும் மீறாத கூட்டம்; ஆயினும் நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்ற செய்தி அதில் இருந்தது. 1911-இல் கோபன்ஹேகனின் ஓஸ்டர்ப்ரோ பகுதியில் திறக்கப்பட்ட இட்ரெட்ஸ்பார்கன் என்ற தேசிய விளையாட்டரங்கில் ஞாயிறுதோறும் கூடிய கூட்டத்தையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே வர இயலாதவர்களுக்கு வானொலி இருந்தது. அரசு வானொலியின் விளையாட்டு வருணனையாளர் குன்னார் ஹான்சன், 'இப்போது' என்று பொருள்படும் 'நூ' என்ற சொல்லைத் தம் பெயரின் நடுவிலேயே கொண்டு குன்னார் நூ ஹான்சன் என்று அறியப்பட்டவர். செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த வானொலியில் பந்தின் போக்கை மட்டும் எவரும் தணிக்கை செய்ய வேண்டியிருக்கவில்லை.

இனி, யாரோடு ஆடுவது என்ற கேள்வி. டேனியக் கழகங்கள் தங்களுக்குள் ஆடியதில் ஜெர்மானியருக்கு அக்கறை குறைவு. அவர்கள் விரும்பியது ஜெர்மானிய அணிகளோடு டேனிய அணிகள் ஆடுவதை. எல்லாம் இயல்பாக இருக்கிறது, இரு நாடுகளும் நட்போடு இருக்கின்றன என்று உலகுக்குக் காட்ட அது நல்ல காட்சி. அந்த விருப்பத்துக்கு இணங்கி நடந்த ஆட்டம் ஒன்று 1941 ஜூன் 5 அன்று இட்ரெட்ஸ்பார்கனில் நிகழ்ந்தது. ஜூன் 5 டென்மார்க்கின் அரசியல் சட்ட நாள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மக்களாட்சியைக் கொண்டாடும் நாள் அது. ஒருபுறம் 'ஸ்டேவ்னெட்' என்ற, கோபன்ஹேகன் பெருங்கழகங்கள் வெளிநாட்டு அணிகளை எதிர்கொள்வதற்காகச் சேர்ந்து அமைத்த கூட்டணி. மறுபுறம் வியன்னா நகரத்து அட்மிரா கழகம். 1938-இல் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டதால் அட்மிரா அப்போது ஜெர்மானியப் போட்டிகளில் ஆடிய கழகம்.

அரங்கில் ஜெர்மானியப் படைவீரர்களும் டேனிய மக்களும் அருகருகே இருந்தனர். அட்மிரா 4-1 என்று வென்றது. ஆனால் அன்றைய நிகழ்வாக வரலாற்றில் நிற்பது ஆட்டத்தின் முடிவு அன்று, பார்வையாளர் இருக்கைகளில் மூண்ட கைகலப்பு. சீழ்க்கையும் கூச்சலுமாகத் தொடங்கியது, டேனியருக்கும் சீருடையில் இருந்த ஜெர்மானியருக்கும் இடையே அடிதடியாக முற்றியது. அதுவரை அமைதியாக அடங்கிக் கிடப்பதாகக் கருதப்பட்ட ஒரு நகரம் தன் வெறுப்பை முதன்முறையாகக் கூட்டமாக வெளிக்காட்டிய இடங்களுள் ஒன்றாக அந்தக் கால்பந்து அரங்கு அமைந்தது. ஜெர்மானியரின் சினம் அரசு மட்டத்தை எட்டியது. காவல்துறைக்குப் பொறுப்பான நீதியமைச்சர் ஹாரால்ட் பீட்டர்சன் அடுத்த மாதமே பதவி விலக நேர்ந்தது, அவரிடத்தில் காவல்துறைத் தலைவராக இருந்த தூன யாகோப்சன் அமர்த்தப்பட்டார். ஒரு நட்புமுறை ஆட்டத்தின் விளைவாக அமைச்சர் ஒருவர் பதவி இழந்தது கால்பந்து வரலாற்றில் எளிதில் காணக்கூடிய செய்தி அன்று.

இதே அரங்கில், இதே மக்கள், டேனிய அணிகளுக்கிடையே நடந்த ஆட்டங்களுக்கும் வந்தவர்கள்தாம். அவர்களுக்குப் பந்தாட்டத்தின் மீது பகை இருக்கவில்லை. அந்த ஆட்டத்தை யார், எதற்காகத் தங்கள் முன் நிறுத்தினார்கள் என்பதே அவர்களைக் கொதிக்கச் செய்தது. சங்கத்தின் தலைமை இந்த வேறுபாட்டை மக்களைப் போலத் தெளிவாக உணர்ந்திருந்ததாகக் கூற முடியாது. டேனியத் தேசிய அணி 1940 நவம்பர் 17 அன்று ஹாம்பர்க் நகரில் ஜெர்மனியோடு ஆடி 0-1 என்று தோற்றது. அட்மிரா நிகழ்வுக்கு ஐந்தே மாதம் கழித்து, 1941 நவம்பர் 16 அன்று, டிரெஸ்டன் நகரில் மீண்டும் ஜெர்மனியோடு ஆடி 1-1 என்று சமன் செய்தது. அதற்கு ஒன்பது நாள் கழித்து டேனிய அரசு ஜெர்மனி தலைமையிலான, பொதுவுடைமைக்கு எதிரான கொமின்டர்ன் எதிர்ப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. கோபன்ஹேகன் வீதிகளில் மாணவர்கள் திரண்டு அதை எதிர்த்தனர். டிரெஸ்டன் பயணத்தை அரசின் நெருக்குதல் என்ற ஒரே காரணத்தால் முற்றிலும் நியாயப்படுத்திவிட முடியாது. டேனியக் கால்பந்தின் போர்க்கால ஏட்டில் களங்கம் என்று ஒன்று இருக்குமானால், அது உள்நாட்டுப் போட்டியில் இல்லை, இந்த இரண்டு பயணங்களில் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க நார்வே அருகிலேயே இருக்கிறது. அங்கே 1940 இலையுதிர்காலத்தில் நாஜி ஆதரவு ஆட்சி விளையாட்டு அமைப்புகளின் தலைமையைத் தன் கைக்குள் கொண்டுவர முயன்றது. அதற்கு மறுமொழியாக நார்வே விளையாட்டு வீரர்கள் அதிகாரப்பூர்வமான எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ள மறுத்தனர். 'விளையாட்டு வேலைநிறுத்தம்' என்று பெயர் பெற்ற அந்த மறுப்பு விடுதலை வரை நீடித்தது. நாட்டின் கால்பந்துக் கோப்பைப் போட்டி 1940-க்குப் பின் 1945 வரை நடைபெறவில்லை. ஆட விரும்பியவர்கள் காடுகளில், கண்காணிப்புக்கு எட்டாத இடங்களில் மறைவாக ஆடினர். நார்வே ஆடாமல் நின்றது, டென்மார்க் ஆடியது. ஆகவே முன்னது வீரம், பின்னது கோழைமை என்று தீர்ப்பெழுதுவது எளிது. ஆனால் நார்வேயில் போட்டியை நடத்தும் கை ஆக்கிரமிப்பாளனின் கையாகிவிட்டது, டென்மார்க்கில் அவ்வாறு ஆகவில்லை. நார்வே வீரர்கள் மறுத்தது ஆட்டத்தை அன்று, அதை நடத்த முன்வந்த தலைமையை; காட்டுக்குள் சென்று அவர்கள் ஆடியதே அதற்குச் சான்று. அந்த அளவில் கோபன்ஹேகன் மக்களும் நார்வே வீரர்களும் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்.

ஐந்து பருவங்களுள் 1943-44 தனித்து நோக்கத்தக்கது. ஒத்துழைப்புக் கொள்கை உடைந்து நொறுங்கிய வாரங்களில் அது தொடங்கியது. ஆகஸ்ட் மாதத்தில் எஸ்பியர்க், ஓடென்ஸ, ஆல்போர்க் நகரங்களில் பொது வேலைநிறுத்தங்கள் வெடித்தன; மூன்றும் பெயர் பெற்ற கால்பந்து ஊர்கள். ஆகஸ்ட் 24 அன்று, கோபன்ஹேகனை ஒட்டிய ஃப்ரெடரிக்ஸ்பெர்க் பகுதியில் விளையாட்டுக்கும் கண்காட்சிக்கும் பயன்பட்ட 'ஃபோரம்' என்ற பெருங்கூடத்தை ஜெர்மானியர் படை முகாமாக்க முற்பட்டபோது, 'ஹோல்கர் டான்ஸ்க' என்ற எதிர்ப்புக் குழுவினர் பீர்ப் பெட்டியில் மறைத்துக் கொண்டுசென்ற வெடிமருந்தால் அதைத் தகர்த்தனர். ஆகஸ்ட் 29 அன்று அரசு செயலிழந்தது, ஜெர்மானியர் இராணுவச் சட்டத்தை அறிவித்தனர். பொது இடங்களில் ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது என்றது அந்த அறிவிப்பு. கால்பந்து அணிக்குப் பதினொரு பேர் வேண்டும். அந்தச் சொற்களை உள்ளபடியே எடுத்துக்கொண்டால், எதிரணியும் நடுவரும் பார்வையாளரும் வருவதற்கு முன்பே, ஓர் அணி களத்தில் இறங்கி நிற்பதே சட்டமீறல். சில வாரங்கள் கழித்து, அக்டோபர் தொடக்கத்தில், அந்தச் சட்டம் விலக்கப்பட்டது.

விலக்கப்பட்ட அதே நாட்களில்தான் டென்மார்க்கின் யூதர்களைப் பிடிக்க ஜெர்மானியர் வீடு வீடாகச் சென்றனர். செய்தி முன்பே கசிந்திருந்ததால், அண்டை வீட்டாரும் மருத்துவர்களும் மீனவர்களும் கைகொடுக்க, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓர்சுண்ட் நீரிணையைப் படகுகளில் கடந்து நடுநிலை நாடான ஸ்வீடனை அடைந்தனர். ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவானோர் பிடிபட்டுத் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். தாய்வழி யூதக் குடும்பத்தைச் சேர்ந்த இயற்பியலறிஞர் நீல்ஸ் போர் செப்டம்பர் இறுதியில் அவ்வாறே கடந்தார். அவருடைய தம்பி, கணித அறிஞர் ஹாரால்ட் போரும் ஸ்வீடனுக்குத் தப்பினார். இளமையில் இருவரும் ஏ.பி. கழகத்துக்கு ஆடியவர்கள், அண்ணன் கோல்காப்பாளர், தம்பி 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற டேனிய அணியில் ஆடியவர். அவர்கள் இரவோடிரவாக நாட்டைவிட்டு ஓடிய அந்த இலையுதிர்காலத்தில், நாட்டின் நடப்பு வாகையர் என்ற பட்டத்தைத் தாங்கியிருந்தது அதே ஏ.பி. கழகம்.

1944 ஜூனில் கோபன்ஹேகனில் மாலை எட்டு மணி முதல் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, புர்மைஸ்டர் அண்ட் வைன் கப்பல் தளத்துத் தொழிலாளர்கள், தங்கள் சிறு தோட்டங்களைப் பேண மாலைப்பொழுது இல்லாமற் போயிற்று என்று சொல்லி, நண்பகலிலேயே வேலையை விட்டு வீட்டுக்குக் கிளம்பினர். அது நகரம் தழுவிய வேலைநிறுத்தமாக விரிந்தது. ஜெர்மானியர் மின்சாரம், எரிவாயு, குடிநீர் மூன்றையும் நிறுத்தினர், நூற்றுக்கு அருகிலான உயிர்கள் மடிந்தன. இறுதியில் ஊரடங்கு தளர்த்தப்பட்டது. அந்தப் பருவத்தின் வாகையர் பட்டியலில் உள்ள பெயர் தொழிலாளர் கழகமான ஃப்ரெம். அவ்வணியில் ஆடியவர்களுள் ஒருவர் அப்போது இருபது வயதை எட்டியிருந்த யோன் ஹான்சன்.

அடுத்த பருவம் இன்னும் இருண்டது. 1944 செப்டம்பர் 19 அன்று டேனியக் காவல்துறையே கலைக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் காவலர்கள் புகென்வால்ட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை வரை நாட்டில் காவல்துறை கிடையாது. யூட்லாந்தில் எதிர்ப்புக் குழுவினர் ரயில் பாதைகளைத் தொடர்ந்து தகர்த்தனர். படைகளைத் தடுத்த அதே தகர்ப்பு எல்லோருடைய பயணத்தையும் தடுத்தது. 1945 மார்ச் 21 அன்று ஜெர்மானிய இரகசியக் காவல்துறையான கெஸ்டபோவின் தலைமையகமாயிருந்த ஷெல் கட்டடத்தைப் பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கியபோது சில குண்டுகள் வழி தவறிப் பிரெஞ்சுப் பள்ளியில் விழுந்து 86 குழந்தைகள் இறந்தனர். மே 5 அன்று விடுதலை. அந்தப் பருவத்தின் வாகை ஏ.பி. கழகத்துக்கு.

இந்த ஐந்து பட்டங்களையும் முழுமையான வாகைகளாகக் கொள்ளலாமா என்று கேட்போர் உண்டு; எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மோதாத போட்டியில் வென்றதை எப்படி முழு வெற்றி என்பது என்பது அவர்கள் வாதம். டேனிய ஏடுகள் அவற்றை மற்றப் பட்டங்களோடு சேர்த்தே எண்ணுகின்றன, ஏ.பி.யின் ஒன்பது பட்டங்களில் இரண்டும், ஃப்ரெமின் ஆறு பட்டங்களில் இரண்டும் போர்க்காலத்தவை. அவ்வாறு எண்ணுவதே சரி. 1927-க்கு முன் இதே போன்ற முறையில் வென்றவர்களை ஏற்கும் பட்டியல், அதைவிடக் கடினமான நிலையில் வென்றவர்களை விலக்க நியாயம் இல்லை. போர்க்காலப் போட்டி என்ற தனிப்பெயரையும் அழித்துவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது அந்த ஏடுகளின் நேர்மை.

ஆட்டத்தின் தரம் அந்த ஆண்டுகளில் தேய்ந்துவிடவில்லை என்பதற்கு 1948 லண்டன் ஒலிம்பிக் சான்று. போர்க்கால ஆண்டுகளில் வளர்ந்த தலைமுறையே அங்கே ஆடியது. காலிறுதியில் இத்தாலியை 5-3 என்று வென்றபோது நான்கு கோல்களை அடித்தவர் அதே யோன் ஹான்சன். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனை 5-3 என்று வென்று டென்மார்க் வெண்கலம் பெற்றது. அந்த அணியில் கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து மூன்றிலும் நாட்டுக்காக ஆடிய, பின்னாளில் மருத்துவராகவும் பத்திரிகையாளராகவும் விளங்கிய ஏ.பி.யின் க்னுட் லுண்ட்பெர்க் இருந்தார். கோல்காப்பாளராக நின்ற ஐகில் நீல்சன், பந்து தயாரிக்கும் தொழிலை 1947-இல் தொடங்கியிருந்தார். யோன் ஹான்சனை அவ்வாண்டிலேயே இத்தாலியின் யுவெண்டஸ் அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு மற்றொரு டேனிய வீரரான கார்ல் ஆகே பிரெஸ்டும் அங்கே சென்றார். ஊதியம் பெற்று ஆடியவர்களுக்குத் தேசிய அணியில் இடமில்லை என்ற விதியால் டென்மார்க் அவர்களை இழந்தது. அந்த விதி 1971 வரை நீடித்தது.

போட்டியின் வடிவம் 1945-இல் பழையபடி நாடு தழுவிய லீக்காகத் திரும்பிவிட்டது, ரயில்களும் கப்பல்களும் மெல்லத் திரும்பின. பட்டம் மட்டும் மேலும் சில ஆண்டுகள் தலைநகரை விட்டு நகரவில்லை. கோபன்ஹேகனுக்கு வெளியே உள்ள ஒரு கழகம், ஸீலாந்துக் கடற்கரையின் சிறு நகரான கோகேயின் கழகம், முதன்முறையாக டென்மார்க்கின் வாகை சூடியது 1954-இல்.